புயல் இல்லையே, அப்புறம் எதற்குக் காற்று எச்சரிக்கை?

காரைக்குடிக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி எடுத்துத்தான் போகவேண்டும். ஆனாலும் கடல் சங்கதி நமக்குப் புதிதல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலம் முடிந்துவிட்டது. இப்போது பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான், சொந்தம் மலேசியாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு பேர் சேர்ந்து தொண்டிக்கு மீன் வாங்கப் போகிறார்கள், போன இடத்தில் ஒரு படகும் பேசுகிறார்கள். எச்சரிக்கை எல்லார் போனிலும் வந்து விழுகிறது. படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

முதல் தவறு, புயல் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பது. போன ஆனி மாதம் தேவகோட்டையில் ஒரு ஆச்சி மீன்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "புயல் ஒண்ணும் இல்லைங்கிறாக, அப்புறம் எதுக்குப்பா போட்டெல்லாம் கடலுக்குப் போகலை?" கேள்வி நியாயம்தான். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் தென்முனைக்கும் இலங்கைக்கும் நடுவே இருக்கிற சந்தில் காற்று நெருக்கிக்கொண்டு பாயும். தாழ்வுப் பகுதியோ புயலோ எதுவும் தேவையில்லை. அந்த நாட்களில் வானிலை மையத்தின் அறிக்கையில் வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஏமாற்றம் தொண்டிக் கரையில் இருக்கிறது. ஆனி, ஆடியில் அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலையே இருக்காது, ஊருணி மாதிரி கிடக்கும். வெளியூரிலிருந்து வந்தவர், இதற்கா எச்சரிக்கை என்று சிரிப்பார். நிலக்காற்றில் அலை கரையில் எழாது, உள்ளே போகப் போகத்தான் வளரும். சின்னப் படகின் இன்ஜின் நின்றுபோனால் காற்று கரைக்குத் தள்ளாது, இலங்கைப் பக்கம்தான் தள்ளும். கரை அமைதியாக இருக்கிறது என்பதை வைத்துக் கடலுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். அப்போது வாடையும் கொண்டலும் கரைமேலேயே வந்து மோதும், பார்த்தவுடனே யாருக்கும் புரிந்துவிடும். அந்தக் காலத்தை விட இந்த அமைதியான காலம்தான் வெளியூர்க்காரர்களை அதிகம் ஏமாற்றும் என்பது என் எண்ணம்.

அப்புறம் கடல் பகுதியின் பெயர். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா, தெற்குமுனையில் குமரிக்கடல். ஒரே நாளில் ஒன்று கொந்தளிக்கும், இன்னொன்று சும்மா இருக்கும். தனுஷ்கோடிக்குப் போனவர்கள் இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்த்திருப்பார்கள். ஆனால் 'வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி' என்று டிவியில் கேட்டதுமே நம்மவர்கள் ராமேஸ்வரம் பயணத்தை ரத்துசெய்வார்கள். அந்தத் தாழ்வுப் பகுதி அந்தமான் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும். மன்னார் வளைகுடாவுக்கு நேரடியாக எச்சரிக்கை இருக்கிற நாளில் அதே ஆட்கள் கிளம்பிப் போவார்கள்.

எண்ணைப் படிப்பதிலும் அவசரம். 45 என்ற முதல் எண்ணோடு நின்றுவிடுகிறோம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 45-லிருந்து 65-க்குப் போனால் வேகம் பாதியளவுகூடக் கூடவில்லை, தள்ளும் விசை இருமடங்கைத் தாண்டிவிடுகிறது. படகைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று அல்ல, அந்த 'இடையிடையே'தான். வெளிநாட்டுச் செயலிகளில் எண் 'நாட்' (knot) என்ற வேக அளவில் இருக்கும், அதையும் கவனிக்க வேண்டும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். '34' என்று பார்த்து, நம்ம மொபெட் வேகம்தானே என்று விட்டால் அது 63 கிலோமீட்டர். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் புயல் என்று பெயர் வைக்கும் அளவு அது.

அலை உயரமும் அப்படித்தான். ஐதராபாத்தில் இருந்து கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் 2 மீட்டர் அலை என்று சொன்னால், எல்லா அலையும் 2 மீட்டர் என்றோ அதிகபட்சம் 2 மீட்டர் என்றோ அர்த்தமில்லை. இருக்கிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. தனியாக ஒரு அலை அதன் இருமடங்கு உயரத்துக்குக்கூட வரலாம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் வரும். ஒன்றுக்கு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

உள்ளூரில் காற்றே இல்லாமல் அலை வருவதும் உண்டு. எங்கோ தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்று கிளப்பிவிட்ட நீளமான அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இப்படித்தான் அலையில் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாள் அது. பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறவர்கள் காற்று அறிக்கையோடு நிறுத்தாமல் இந்த அலை அறிக்கையையும் பார்த்துவிட வேண்டும்.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. பத்தாம் எண் எட்டாம் எண்ணைவிடப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறார்கள். 8, 9, 10 மூன்றுமே பெரும் ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராகவே வருமா என்பதைத்தான் எண் பிரித்துச் சொல்கிறது. 5, 6, 7-ம் அதே மாதிரி பக்கத்தைத்தான் பிரித்துச் சொல்கின்றன. 1, 2 என்றால் தூரத்தில் இருக்கிறது. 11 ஏற்றினால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

'வலுவிழந்தது' என்று செய்தி வந்ததும் நிம்மதியாகப் படுக்கப் போவது அடுத்த தவறு. 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் வந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகக் குறைந்துபோனது. குறைந்த பிறகும் நகர்ந்து போகவில்லை, ராமநாதபுரம் அருகே அப்படியே உட்கார்ந்துகொண்டது. மழை டெல்டாவையும் கடலூரையும் முழுக்காட்டியது. நாம் உள்நாட்டில் இருக்கிறோம், நமக்கென்ன என்பதும் சரிப்படாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுத்தான் போனது. செட்டிநாட்டு ஊர்களில் சில அந்த மாவட்டத்தில்தானே இருக்கின்றன.

கடைசியாக, கப்பலில் பிள்ளையை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு இரண்டு விஷயம். பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் மலாக்கா நீரிணையில் புயல் மிக அரிது. ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமாத்ரா என்று பெயர் வைத்த திடீர்ச் சூறைக்காற்று விடியலுக்கு முன்னாலோ காலையிலோ வரிசைகட்டி வந்து அடித்துவிட்டுப் போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புயல் வரைபடத்தில் தேடினால் அது இருக்காது, அந்த நேரத்தில் பிள்ளை போன் எடுக்காமல் இருப்பதும் பெரிய விஷயமில்லை. இன்னொன்று நேரம். கப்பல்களுக்கான அறிக்கைகளில் இருப்பது உலகப் பொதுநேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், மலேசியாவுக்கு எட்டு. அறிக்கையில் 1200 என்று இருந்தால் இங்கே மாலை 5.30, பினாங்கில் இரவு 8. நடுப்பகலில் ஒன்றும் நடக்கவில்லையே என்று செய்தியை ஒதுக்கிவிடாதீர்கள், அது சொன்ன நேரம் இன்னும் வரவில்லை.