சிப்பிப்பாறை நாயுடன் கண்மாய்க் கரையில் ஓடப் பழகுவது எப்படி?

விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் காட்டில் வண்டிப்பாதைக்கும் கண்மாய்க் கரைக்கும் குறைவில்லை. கூட ஓடுவதற்குச் சிப்பிப்பாறை நாயோ கன்னி இன நாயோ பல வீடுகளில் இருக்கின்றன. ஆனால் இவை முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய்கள். ஓரிரு நிமிடம் அம்பாய்ப் பாயும் உடல் அவற்றுக்கு உண்டு. ஒரே சீராக ஐந்து கிலோமீட்டர் ஓடுவதை நாம்தான் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். களைத்துவிட்டது என்று நாய் சொல்லாது. நீங்கள் ஓடும்வரை அதுவும் ஓடும். ஆகவே எப்போது நிற்பது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது.

முதலில் வயதும் உடல்நலமும்

ஒன்றரை வயது நிறையாத நாயை நெடுந்தூரம் ஓட வைக்காதீர்கள். கால் எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் அதுவரை முழுதாக மூடியிருக்காது. கால்நடை மருத்துவரிடம் இதயத்தையும் மூட்டுகளையும் ஒருமுறை காட்டி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, உண்ணிக்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

பட்டையும் கயிறும்

சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், மிரண்டு பின்வாங்கினால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். மார்பைச் சுற்றி அணியும் பட்டையே பாதுகாப்பானது. தோளின் அசைவைத் தடுக்காததாகவும், அக்குளில் உராயாததாகவும் பார்த்து வாங்குங்கள். கயிறு இரண்டு மீட்டர் இருந்தால் போதும். நடுவில் ரப்பர் இழுவை உள்ள கயிறாக இருந்தால், நாய் திடீரென்று பாயும்போது உங்கள் இடுப்புக்கும் அதன் முதுகுக்கும் அதிர்ச்சி குறையும்.

பாதையை முதலில் தனியாக நடந்து பாருங்கள்

நாயைக் கூட்டிச் செல்லும் முன் பாதை முழுவதையும் பகல் வெளிச்சத்தில் நடந்து பார்ப்பது அவசியம். கைப்பிடிச் சுவரில்லாத மொட்டைக் கிணறு எங்கே இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் பன்றிக்கு மின்வேலி போட்டிருக்கிறார்கள், எந்த வயலில் மருந்து அடித்திருக்கிறார்கள், ஆட்டுக்கிடை எங்கே போட்டிருக்கிறது என்பதையெல்லாம் அங்குள்ள விவசாயிகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு ஓடுகிறவரை அவர்களும் சந்தேகமாகப் பார்க்கமாட்டார்கள். சீமைக்கருவேலம் மண்டிய கரையைத் தவிர்த்துவிடுங்கள். அதன் காய்ந்த முள் செருப்பையே துளைக்கும். காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிச் செல்ல வேண்டாம்.

வெயிலும் உடல்சூடும்

நம்மைப் போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைப்பதுதான் அது சூட்டைத் தணிக்கும் முதன்மையான வழி. அதன் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே விடியும் வேளையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். மாலையில் வெயில் தணிந்தாலும் தார்ச்சாலை வெகுநேரம் சூடாகவே இருக்கும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்திருக்க முடியாவிட்டால் அன்று ஓட்டம் வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெறும் நடையோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். அதில் இழப்பு எதுவும் இல்லை.

நாக்கு அகன்று பக்கவாட்டில் தொங்குவது, எச்சில் கெட்டியாக வடிவது, ஈறு கருஞ்சிவப்பாவது, கால் தள்ளாடுவது ஆகியவை அபாய அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத் துணியால் போர்த்தி விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். நாய் சற்றுத் தேறியதுபோல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஓட்டத்தைக் கூட்டும் முறை

முதல் இரண்டு வாரம் தினமும் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடங்கள். ‘நில்’, ‘மெதுவா’, ‘விடு’ என்ற மூன்று சொற்களை அந்த நடையிலேயே பழக்குங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லையே பயன்படுத்த வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம் செய்யுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நாய் சீராக மூச்சு விடுகிறது, மறுநாள் நொண்டவில்லை என்றால் மட்டும் ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டலாம்.

மயிலோ முயலோ குறுக்கே ஓடினால் கயிற்றை விட்டுவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடுவது குற்றம். அது தவிர, துரத்தத் தொடங்கிய சிப்பிப்பாறையின் கண்ணுக்குக் கிணறும் தெரியாது, சாலையும் தெரியாது.

உணவும் சோதனையும்

இவற்றுக்கு நெஞ்சுக்கூடு ஆழமானது. வயிறு நிறைந்த நிலையில் ஓடினால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓடுவதற்கு முன் மூன்று மணி நேரமும், ஓடிய பின் ஒரு மணி நேரமும் சோறு வைக்காதீர்கள். தண்ணீரை மட்டும் இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாயைப் படுக்க வைத்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். நெருஞ்சி முள் மேலாகவே தெரியும். ஊசிப்புல்லின் நுனியோ தோலுக்குள் புகுந்து உள்ளே நகர்ந்துகொண்டே போகும். காதின் உள்மடிப்பிலும் அக்குளிலும் உண்ணி இருந்தால், நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.