எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகண்ட்ரோலர்ல சும்மா கிடக்கிற 64 கேபி ராமை எப்படி யூஸ் பண்றது

பில்டு பண்ணும்போது ராம் பத்தலன்னு லிங்கர் (கோடு துண்டுகளைச் சேர்த்து அட்ரஸ் போடுற டூல்) கத்துதா? உடனே பெரிய சிப் தேடாதீங்க, டேட்டாஷீட்ல 192 கேபினு போட்டிருக்கே அது ஒரே துண்டு கிடையாது, 128 கேபி ஹெக்ஸ்ல 20000000ல ஆரம்பிக்குது, மீதி 64 கேபி தனியா 10000000ல உக்காந்திருக்கு. அதுதான் சிசிஎம் ராம், அதாவது சிபியு கோரோட நேரா இணைஞ்ச மெமரி. நாமளா சொல்லாத வரைக்கும் எந்த வேரியபிளும் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்காது.

முதல்ல லிங்கர் ஸ்கிரிப்ட்டைத் திறந்து, மெமரி பிளாக்ல சிசிஎம்ராம்னு ஒரு ரீஜனும் கீழ அதுக்குன்னு ஒரு செக்‌ஷனும் இருக்கான்னு பாருங்க, க்யூப் ஐடிஇ போட்டுக் குடுக்கிற ஃபைல்ல பெரும்பாலும் ரெண்டுமே இருக்கும். அப்புறம் சி கோடுல வேரியபிளுக்கு செக்‌ஷன் ஆட்ரிபியூட் போட்டு அந்தப் பேரை அப்படியே குடுங்க, முன்னாடி இருக்கிற புள்ளியோட.

நிறைய பேரு இதோட முடிஞ்சதுன்னு நெனச்சுக்குவாங்க. வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பா 5னு குடுத்திருந்தா அந்த 5 ஃபிளாஷ்லதான் இருக்கும், ரீசெட் ஆனதும் ஸ்டார்ட்அப் கோடு டேட்டா செக்‌ஷனை மட்டும் ராமுக்கு காப்பி பண்ணும், சிசிஎம்மை கண்டுக்காது, அப்புறம் படிச்சா குப்பைதான் வரும். ஸ்டார்ட்அப் ஃபைல்ல இருக்கிற அந்த காப்பி லூப்பையே இன்னொரு தடவை எழுதி சிசிஎம் சிம்பல்களை மாத்திப் போடுங்க.

வெறும் பஃபர்தான்னா இதெல்லாம் வேணாம், செக்‌ஷனுக்கு நோலோட் (ஃபிளாஷ்ல எதையும் வைக்காதேன்னு சொல்றது) குடுத்துட்டு மெயின்ல ஒரு மெம்செட் போட்டு பூஜ்யமாக்கினா போதும், ஃபிளாஷும் மிச்சம். நான் ஒருதடவை நோலோடும் போடாம, ஃபிளாஷ்ல வைன்னு சொல்ற ஏடி பகுதியையும் விட்டுட்டேன், பின் ஃபைல் 128 எம்பி வந்து நின்னுச்சு! ஃபிளாஷ் 08000000ல, சிசிஎம் 10000000ல, நடுவுல இருக்கிற இடைவெளியை எல்லாம் நிரப்பி வச்சிருக்கு.

இப்ப பெரிய ஆப்பு. சிசிஎம்மை டிஎம்ஏ (சிபியு இல்லாமலே டேட்டாவை நகர்த்துற ஹார்ட்வேர்) தொடவே முடியாது, அந்த பஸ்ல கனெக்‌ஷனே இல்ல. ஏடிசி பஃபரை அங்க வச்சுட்டு ரீடிங் ஏன் மாறவே மாட்டேங்குதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஃபுல்லா வயரிங்கை சந்தேகப்பட்டவன் நான், டிஎம்ஏ டிரான்ஸ்ஃபர் எரர் ஃபிளாக் பாவம் அப்பவே செட் ஆகித்தான் இருந்துச்சு. ஃபங்ஷனையும் அங்க வச்சு ஓட்ட முடியாது, இந்த சிப்ல சிசிஎம் டேட்டாவுக்கு மட்டும்தான் (எஸ்டிஎம்32எஃப்303 சிப்ல ஓடும், அது வேற கதை). எஃப்எஃப்டி அரே, ஃபில்டர் ஸ்டேட், ஃப்ரீஆர்டாஸ் (டாஸ்க்குகளை ஓட்டுற சின்ன ஓஎஸ்) ஹீப் இதெல்லாம் தாராளமா போகலாம். ஆனா ஹீப்பை அங்க மாத்தினா டாஸ்க் ஸ்டாக்கும் கூடவே போயிடும், அப்புறம் டாஸ்க்குக்குள்ள லோக்கலா டிக்ளேர் பண்ண பஃபரை யுஆர்ட் டிஎம்ஏகிட்ட குடுத்தா திரும்ப அதே ஆப்புதான்.

பில்டு முடிஞ்சதும் மேப் ஃபைல்ல (எது எந்த அட்ரஸ்ல இருக்குன்னு லிங்கர் எழுதுற லிஸ்ட்) வேரியபிள் பேரைத் தேடுங்க. அட்ரஸ் 1000னு ஆரம்பிச்சா சரியான இடம், 2000 இல்ல 2001னு ஆரம்பிச்சா செக்‌ஷன் பேர்ல எங்கயோ எழுத்துப்பிழை.