யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் சோலார், மிச்சத்துக்குக் கார்பன் ஈடு: முதல்முறை செய்பவர்களுக்கு

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள், கரண்ட் கம்பனியை மாற்றினோம், இப்போது எங்கள் வீட்டில் பச்சை மின்சாரம்தான் என்பார்கள். இங்கே அது நடக்காது. எங்களுக்கு வருவது ஒரே லைன். நுரைச்சோலை நிலக்கரி, மலைநாட்டு நீர்மின்சாரம், பளைப் பக்கம் சுற்றுகிற காற்றாலை எல்லாம் அதற்குள் கலந்துதான் வரும். ஆகவே எங்களுக்கு உள்ள வழி சொந்தக் கூரைதான். காசு கொடுத்து ஈடுகட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் உங்கள் வீடு வெளிவிடும் கார்பனின் கணக்கு. கரண்ட் பில், காஸ், பெற்றோல் மூன்றையும் எடுங்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் அரைக் கிலோ கார்பன் டைஒக்சைட் என்று வைக்கலாம் (மழை பொய்த்த வருடம் கூடும்), ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 2.3 கிலோ, 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 37 கிலோ. மாதம் 90 யூனிட், ஒரு சிலிண்டர், ஸ்கூட்டிக்கு 20 லீற்றர் என்றால் 45, 37, 46, மொத்தம் 128 கிலோ. வருடத்துக்கு ஒன்றரைத் தொன். பெற்றோல் கரண்டை விடக் கொஞ்சம் கூட நிற்கிறது, கவனித்தீர்களா? பக்கத்துக் கடைக்கும் ஸ்கூட்டியை உதைக்கிறவர்கள் சோலாருக்கு முன் அதை யோசிக்கலாம்.

அடுத்தது குறைப்பது. குண்டு பல்ப் மிச்சம் இருந்தால் கழற்றுங்கள், தாங்கி நிரம்பி வழிய வழிய மோட்டர் ஓடவிடாதீர்கள். சுடுதண்ணீரை வெளி அடுப்பில் ஊமலும் பன்னாடையும் போட்டுக் காய்ச்சினால் சிலிண்டர் இன்னும் சில நாள் இழுக்கும்.

சரி, இப்போது கூரை. கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே வளவில் நின்று காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் எந்த மரத்தின் நிழல் கூரையில் விழுகிறது என்று பாருங்கள், ஏனென்றால் ஒரு தென்னோலை ஒரே ஒரு பனலை மறைத்தாலும் அந்த வரிசை முழுவதுக்கும் உற்பத்தி குறையும். தெற்குப் பார்த்த கூரை நல்லது, சரிவு பத்துப் பாகை போதும். ஓட்டு வீடென்றால் பனஞ்சலாகையில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். பனல் ஒன்று இருபது கிலோவுக்கு மேல், அது இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்கப்போகிறது.

அளவு எவ்வளவு? எங்கள் வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், மாதத்துக்கு 120 அளவில். 90 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 5 கிலோவாட் தலையில் கட்ட வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் விண்ணப்பம் போடவேண்டும், உங்கள் பக்கத்து டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்; அது தெரியாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். திட்டங்களில் முக்கியமானவை மூன்று. நெற் மீற்றரிங்கில் மிச்ச யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும், காசு வராது. நெற் அக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு. நெற் பிளஸ்ஸில் உற்பத்தி முழுவதையும் விற்று, பாவிப்பதற்குத் தனியாகக் கட்டுவீர்கள். விலைகள் மாறும், அன்றைய விலையைக் கேட்டு முடிவெடுங்கள்.

ஒன்றை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்: பற்றரி இல்லாத சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நடுமத்தியான வெயிலிலும்தான். லைனில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்காமல் இருக்க இன்வேட்டர் (பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2022இல் மின்வெட்டில் பட்ட இருட்டை நினைத்துச் சோலார் போடுகிறவர்கள் பற்றரியோடு, அதையும் சேர்த்து இயக்குகிற ஹைபிரிட் இன்வேட்டரின் விலையையும் கேளுங்கள். காரைநகர், வல்வெட்டித்துறை போலக் கரையோரம் என்றால் உப்புக்காற்றுக்குத் தாங்குகிற அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத ஆணியும் தேவை.

கழுவுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் பனலில் மாவாகப் படியும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால், கேத்திலின் அடியில் பிடிக்கிற அதே சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதைப் பாவியுங்கள், இல்லாவிட்டால் விடியக்காலையில் கழுவி உடனே துணியால் ஒற்றிவிடுங்கள். உச்சிவெயிலில் கொதிக்கிற கண்ணாடியில் குளிர்தண்ணீர் ஊற்றவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் காஸும் பெற்றோலும் நிற்கும், எங்கள் கணக்கில் வருடத்துக்கு ஒரு தொன். அதற்குத்தான் கார்பன் கிரெடிட், அதாவது வேறோரிடத்தில் ஒரு திட்டம் குறைத்த கார்பனுக்குக் காசு கொடுப்பது; ஒன்று ஒரு தொன்னுக்குச் சமம். கோல்ட் ஸ்டாண்டர்ட், வெரா போன்ற சான்று கொடுக்கும் அமைப்புகளின் பொதுப் பதிவேட்டில் உள்ள திட்டமாகப் பார்த்து வாங்குங்கள், வாங்கியது இன்னொருவருக்கு விற்கமுடியாதபடி உங்கள் பெயரில் கழிக்கப்பட்டதற்கான தொடர் இலக்கத்தையும் கேளுங்கள். இலக்கம் தராதவர் விற்பது வெறும் காகிதம்.

மரமும் நடலாம், கார்த்திகை மழைக்கு நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை குறைவு. ஆனால் கன்று பெரிய மரமாகிக் கார்பனைப் பிடிக்க வருடக்கணக்கு ஆகும், இந்த வருடப் பெற்றோலை அதில் கழிக்காதீர்கள். அப்புறம், கூரைக்குத் தெற்கே நடாதீர்கள், மாரியில் சூரியன் அந்தப் பக்கம் சாயும்போது நிழல் நேரே பனலில் விழும். வடக்கு மதிலோரம் நடுங்கள்.