கிராஸ் ஸ்லைடு ஸ்கிராப்பிங்: முதல் தடவை கை வைப்பவருக்கு

பழைய லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) வெட்டும் உளியைக் குறுக்கே நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடு நடுவில் லொடலொடவென்று ஆடும், சரி என்று ஜிப்பை (பக்க இடைவெளியைச் சரி செய்கிற பட்டையை) இறுக்கினால் இரண்டு ஓரத்திலும் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஜிப் மேல் தப்பில்லை. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஓடியதில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறது. மேடான புள்ளிகளைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி முகத்தை மறுபடி மட்டமாக்குவதுதான் ஸ்கிராப்பிங். தேய்ப்புத் துகள் கலந்த லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அந்தத் துகள் வார்ப்பிரும்பில் பதிந்து உட்கார்ந்து காலத்துக்கும் அறுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் ஓரத்தில் பைலை (அரத்தை) இழுத்துப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் அது ஹார்டன் செய்த (கடினமாக்கிய) முகம், கிரைண்டிங்குக்குத்தான் போக வேண்டும். பிறை பிறையாக அழகான டிசைன் தெரிந்தால் அதை நம்பி ஏமாறவும் வேண்டாம், விற்பதற்கு முன் தேய்மானத்தின் மேலேயே அதைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு.

நல்ல சர்ஃபேஸ் பிளேட் (துல்லியமாக மட்டமான தளம்), கார்பைடு முனை வைத்த ஸ்கிராப்பர், பிரஷ்யன் புளூ (மேடான இடத்தைக் காட்டும் நீலப் பசை), வழவழப்பான ஆயில் ஸ்டோன், இவ்வளவு போதும். முனை நேராக இருக்கக் கூடாது, லேசாக வளைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலை கீறிவிடும்.

புளூவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். நான் முதல் தடவை பிளேட்டில் தாராளமாகப் பூசிவிட்டு, அதன் மேல் வைத்த பாகத்தைத் தூக்கிப் பார்த்தால் முகம் முழுக்க நீலம், ஆகா முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பள்ளத்திலும் புளூ ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆரம்பத்தில் கொஞ்சம் தடிமனாக இருக்கலாம், போகப் போகப் பிளேட்டில் வெறும் நிழல் மாதிரித் தெரிந்தால் போதும். பிளேட்டில் வைத்து இரண்டு மூன்று தடவை சின்னதாக நகர்த்தி எடுங்கள். நடுவில் பளபளப்பும் சுற்றி நீல வளையமுமாக இருக்கிற புள்ளிதான் உச்சி, அதைச் சுரண்டுங்கள். வெறும் நீலம் அடுத்த மட்டம்.

அழுத்தம் இடுப்பிலிருந்து வர வேண்டும், கையால் மட்டும் தள்ளினால் அரை மணி நேரத்தில் தோள் போய்விடும். 45 டிகிரியில் ஒரு சுற்று, அடுத்த சுற்று அதற்குக் குறுக்கே. ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டோன் போட்டுப் பிசிறை எடுத்துத் துடைக்காமல் மறுபடி பிளேட்டில் வைக்காதீர்கள். ஒரு சுற்றில் சில மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போகும், 0.1 மி.மீ. தேய்ந்திருந்தால் சுற்றுக்கு 5 மைக்ரான் என்றாலும் 20 சுற்று, ஒரே நாளில் முடியாது.

நடுவில் மேடா பள்ளமா என்று சந்தேகம் வந்தால், பிளேட்டில் வைத்து ஒரு முனையை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். மறுமுனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்கிற இடத்தை அச்சாக வைத்துத் திரும்பினால் சரி. பம்பரம் மாதிரி நடுவில் சுற்றினால் மேடு, கடைசி நுனியில் நின்று திரும்பினால் நடுவில் பள்ளம். புளூ காட்டாததை இது காட்டிவிடும்.

25 மி.மீ. சதுரத்துக்குள் 10, 12 புள்ளி சீராக வந்தால் நிறுத்திவிடலாம். கண்ணாடி மாதிரி ஆக்க ஆசைப்பட்டால் எண்ணெய் நிற்க இடம் இல்லாமல் ஸ்லைடு ஒட்டி ஒட்டி நகரும்.

வரிசை முக்கியம். ஸ்லைடின் அடிமுகத்தைப் பிளேட்டுக்குச் சரி செய்து, அதையே மாஸ்டராக வைத்து சேடிலின் (ஸ்லைடைத் தாங்குகிற பாகத்தின்) மேல்முகம். அப்புறம் சேடிலில் டோவ்டெயிலின் (ஸ்லைடு ஓடுகிற சாய்வுப் பக்கங்களுள்ள தடத்தின்) ஒரு பக்கம், அது பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடித்தளத்துக்கு) செங்குத்தாக இருக்கிறதா என்று அளந்துகொண்டே. எதிர்ப்பக்கத்துக்கு ஒரே அளவு ரோலர் இரண்டை டோவ்டெயிலில் வைத்து இரண்டு முனையிலும் அளந்தால் வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வர வேண்டும். ஸ்லைடின் டோவ்டெயிலை இதற்குப் பொருத்திய பிறகு, கடைசியில் ஜிப்.

மாட்டி எண்ணெய் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே கனம் இருக்க வேண்டும். பிறகு ஒரு தட்டை ஃபேஸிங் செய்து (அதன் முகத்தைக் குறுக்கே கடைந்து), அதன் மேல் மெல்லிய காகிதத் துண்டு மூன்றை வைத்து, மேலே ஸ்ட்ரெயிட் எட்ஜை (துல்லியமாக நேரான விளிம்புள்ள சட்டத்தை) வைத்து, துண்டுகளை இழுத்துப் பாருங்கள். ஓரத் துண்டுகள் பிடித்திருந்து நடுத்துண்டு மட்டும் லேசாக இளகி வந்தால் பரவாயில்லை. நடுத்துண்டு மட்டும் பிடித்துக்கொண்டால் முகம் மேடாகியிருக்கிறது, சேடிலின் டோவ்டெயிலுக்குத் திரும்பப் போக வேண்டியதுதான்.