வேலூர் வெயிலில் சீல்டு பேட்டரிக்குச் சோலார் சார்ஜ்: தொடங்குபவர்களுக்கு

அணைக்கட்டுப் பக்கத்து மோட்டார் கொட்டகையிலோ ஜவ்வாது மலையில் கரண்ட் கம்பி எட்டாத நிலத்திலோ, ஒரு சோலார் பேனலும், தண்ணீர் ஊற்ற மூடி இல்லாத ஒரு சீல்டு பேட்டரியும் வைத்து இரண்டு விளக்கும் ஒரு சிறு விசிறியும் ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு 12 வோல்ட், 42 ஆம்பியர்-ஹவர் பேட்டரியையும் 100 வாட் பேனலையும் எடுத்துக்கொள்வோம்.

1. பேட்டரியின் நிலையைப் பாருங்கள்

பேனலையும் விளக்குகளையும் கழற்றிவிட்டுச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12.8 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கே சார்ஜில் போட்டுவிடுங்கள். காலியாகக் கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் பழைய கொள்ளளவை எதிர்பார்க்க முடியாது.

2. இணைப்பு

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜை அளவாக விடும் கருவிதான் சார்ஜ் கன்ட்ரோலர். அதில் முதலில் பேட்டரி, அடுத்துப் பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள். ‘12 வோல்ட் பேனல்’ என்பது பெயருக்குத்தான்; சுமை இல்லாதபோது அது 21 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதை நேராகப் பேட்டரியில் மாட்ட வேண்டாம்.

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.2 ஆம்பியர், நிதானமான சார்ஜ். கால் பங்கைத் தாண்டக் கூடாது. நம் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்பியர் அளவுக்குத் தரும், கவலையில்லை.

3. வோல்டேஜை வெயிலுக்கு ஏற்ப மாற்றுங்கள்

நம் ஊரில் பேட்டரிகள் சீக்கிரம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கன்ட்ரோலரில் ‘சீல்டு’ வகையைத் தேர்ந்தெடுத்தால் 14.4 வோல்ட் வரை ஏற்றிவிட்டு, பிறகு 13.6 பக்கம் இறக்கி நிறுத்தும். இவை 25 டிகிரி வெப்பத்துக்கான அளவுகள். கத்திரி வெயிலில் சிமென்ட் ஷீட் கொட்டகைக்குள் 25 டிகிரிக்கு எங்கே போவது?

25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் 15 × 0.024 = 0.36, ஆக, 14.4-க்குப் பதில் 14.04. மார்கழியில் மலைமேல் பேட்டரி 20 டிகிரியில் இருந்தால் அதே கணக்கில் 14.5 வரை ஏற்றலாம். வருடம் முழுவதும் ஒரே எண்ணை வைக்கச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். பேட்டரியோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

வெப்பம் அறியும் சென்சார் கன்ட்ரோலரில் இருந்தால் இந்தத் திருத்தத்தை அதுவே செய்துகொள்ளும். நீங்களும் கையால் குறைத்தால் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். தனி ஒயரில் வரும் சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். சுவரில் தொங்கவிட்டால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

இவ்வளவு கணக்கு ஏன் என்றால், சீல்டு பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வழியில்லை. உள்ளே உண்டாகும் வாயுக்கள் மறுபடி நீராகச் சேர்ந்துவிடும். வோல்டேஜ் மிஞ்சினால் அவை சேர்வதற்குள் வால்வு திறந்து வெளியேறிவிடும். போன நீர் போனதுதான். கன்ட்ரோலரில் வோல்டேஜை வேண்டுமென்றே கூட்டும் ‘ஈக்வலைஸ்’ என்ற வசதியை அணைத்துவையுங்கள். அது தண்ணீர் ஊற்றும் பேட்டரிகளுக்கானது.

4. நிறைந்ததா?

14.4-ஐத் தொட்டவுடன் நிறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த வோல்டேஜிலேயே நின்று, ஏறும் கரண்ட் அரை ஆம்பியர் பக்கம் இறங்கினால்தான் முடிந்ததாகக் கொள்ளலாம். கடைசிப் பகுதிதான் இழுக்கும். ஐப்பசி அடைமழையில் இது பல நாள் நடக்காது. அப்போது விசிறியை நிறுத்திவிடுங்கள்.

5. இடமும் காவலும்

25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பேட்டரியைக் கூரையை ஒட்டிய பரணில் வைக்காமல், தரையில் இரண்டு செங்கல்மேல், காற்றோட்டமாக வையுங்கள். பேட்டரி இறங்கும்போது கன்ட்ரோலர் தானாக விளக்கை அணைக்கும் வோல்டேஜ் சில கன்ட்ரோலர்களில் 11.1 என்று வரும், அதை 11.8-க்கு மேல் உயர்த்துங்கள்.

பக்கங்கள் உப்பினாலோ தொடமுடியாதபடி சுட்டாலோ உடனே பேனலைக் கழற்றுங்கள். உப்பிய பேட்டரியைத் திறந்து பார்க்கக் கூடாது, உள்ளே அமிலமும் ஈயமும். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் பழைய ஈயத்துக்கு விலை கழித்துக்கொள்வார்கள்.