முகவரிப் பட்டையில் ஜாவாஸ்கிரிப்ட்: பக்கம் ஏன் காணாமல் போகிறது?

முகவரிப் பட்டையில் 'ஜாவாஸ்கிரிப்ட்' (இணையப் பக்கங்களில் ஓடும் நிரல்மொழியின் பெயர்) என்று எழுதி ஒட்டினாற்போல் முக்காற்புள்ளி வைத்தால், பிரவுசர் எந்த சர்வரையும் தேடிப் போகாது. பின்னால் வருவதை நிரலாக எடுத்துக்கொண்டு, திறந்திருக்கும் பக்கத்துக்குள்ளேயே ஓட்டும். (நிரலை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்; நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

1. குரோமில் எக்ஸாம்பிள்.காம் பக்கத்தைத் திறங்கள். வெறும் புதிய டேப் வேண்டாம்; அது பிரவுசரின் சொந்தப் பக்கம், அங்கே ஓடாது.

2. ஜாவாஸ்கிரிப்ட்:அலர்ட்(7*6) என்று கையால் தட்டி என்டர் அழுத்துங்கள். சின்னப் பெட்டியில் 42 வரும். காப்பி பேஸ்ட் செய்தால் 'ஜாவாஸ்கிரிப்ட்:' என்ற முன்னொட்டைக் குரோம் வெட்டிவிடும், மிச்சம் தேடலுக்குப் போய்விடும். வேண்டுமென்றே வைத்த தடுப்பு இது. நிரல் உங்கள் லாகினோடு ஓடுவதால், "இதை ஒட்டினால் பரிசு" என்று ஏமாற்றிக் கணக்கைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். புரியாத வரியை யார் தந்தாலும் தட்டாதீர்கள்.

3. அடுத்து, ஜாவாஸ்கிரிப்ட்:டாக்குமெண்ட்.டிசைன்மோட்='ஆன்' என்று கொடுங்கள். 'மோட்' என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. பக்கத்தைத் திருத்தலாம் என்று பார்த்தால், எல்லாம் அழிந்து 'ஆன்' என்ற சொல் மட்டும் நிற்கும்! நிரலின் கடைசி மதிப்பு சரமாக, அதாவது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடராக இருந்தால், பிரவுசர் அதையே புதிய பக்கமாகக் காட்டிவிடுகிறது. 'ஆன்' ஒரு சரம். அலர்ட் எந்த மதிப்பையும் திருப்பித் தராததால்தான் முன்பு பக்கம் தப்பியது.

4. பக்கத்தை மறுபடி திறந்து, அதே வரியின் கடைசியில் அரைப்புள்ளியும் 'வாய்ட் 0' என்பதும் சேருங்கள். 'வாய்ட் 0' எந்த மதிப்பையும் தராததால் பக்கம் அழியாது. இப்போது தலைப்பைச் சொடுக்கி எழுத்தை மாற்றலாம். மாற்றம் உங்கள் திரையில் மட்டும்தான். ரீலோட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

நீளமான நிரல் என்றால் இரண்டு இடங்களில் சறுக்கும். முகவரியில் வரி முறிவு நிற்காது, எல்லாம் ஒரே வரியாகிவிடும். ஆகவே இரட்டைச் சாய்கோடு போட்ட குறிப்பு, அதற்குப் பின்னால் உள்ள மொத்த நிரலையும் விழுங்கிவிடும். சதவீதக் குறியை ஒட்டி இரண்டு இலக்கம் வந்தால் அது வேறு எழுத்தாக மாறும்: 50%25 என்பது 50% ஆகிப் பிழை தரும். குறிக்குப் பின் இடைவெளி விடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் தட்டும் நிரல் பக்கத்தைத் தொட முடியாது, 2011-இலேயே அடைத்துவிட்டார்கள். அங்கே ஒரு புக்மார்க் உருவாக்கி, அதன் முகவரிப் பெட்டியில் முழு வரியையும் முன்னொட்டோடு போட்டுச் சொடுக்குங்கள். குரோமிலும் இதுவே வசதி, ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம். அப்படியும் சில தளங்களில் ஓடாவிட்டால், அந்தத் தளத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று பொருள். எஃப்12 அழுத்தி கன்சோலில் (நிரலை நேரடியாகத் தட்டி ஓட்டும் பகுதி), முன்னொட்டு இல்லாமல் அதே நிரலைக் கொடுத்துப் பாருங்கள்.