மடக்குக் கத்தியைத் திறக்கும் முறையும் பூட்டின் தேய்மானமும்

மடக்குக் கத்தியின் பூட்டு வெட்டும் வேலையால் தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெட்டும்போது அலகு மேலும் திறக்கும் திசையில்தான் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தின் பெரும்பகுதியை அலகின் அடிப்பகுதி சென்று முட்டி நிற்கும் தடுப்பு ஊசியே தாங்கிக்கொள்கிறது. பூட்டுக்கு உண்மையான அடி விழுவது திறக்கும் நேரத்தில்தான். மணிக்கட்டை வீசி, ஓசை எழும்படி திறக்கும் ஒவ்வொரு முறையும் அலகு வேகத்தோடு தடுப்பு ஊசியில் மோதுகிறது. அதே கணத்தில், திறந்த அலகு மடங்காமல் தாங்கி நிற்கும் பூட்டுத் தகடும் அலகின் அடியில் அறைகிறது. ஆகவே பூட்டு நெடுநாள் உழைக்க வேண்டுமென்றால் திறக்கும் பழக்கத்தைத்தான் முதலில் சீர்செய்ய வேண்டும்.

நகத்தை மாட்டி அலகை இழுப்பதற்கான நகக்குழி உள்ள பழைய வகைக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டே கிடையாது. முதுகுப்புற வில்லின் (ஸ்பிரிங்) அழுத்தம் மட்டுமே அலகை நிறுத்துகிறது என்பதால், அவற்றை இரு கைகளாலும் நிதானமாகத் திறந்து மடக்கினால் போதும். கட்டைவிரலால் தள்ளும் குமிழோ துளையோ உள்ள கத்தியில், விரலை நேர் மேலாக உயர்த்தாமல், அலகு சுழலும் வில்வட்டப் பாதையிலேயே வெளிப்புறமாகத் தள்ளிச் செல்ல வேண்டும். அலகு கடைசிப் புள்ளியை அடையும் வரை கட்டைவிரல் அதனுடனேயே செல்வது நல்லது. அலகின் அடியிலிருந்து பிடிக்கு வெளியே துருத்தும், ஃப்ளிப்பர் எனப்படும் நீட்டு உள்ள கத்தியில் சுட்டுவிரலின் அழுத்தமே போதும். மணிக்கட்டை வீசினால்தான் திறக்கிறது என்றால், அலகு சுழலும் அச்சில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், அச்சுத் திருகு அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கலாம், அல்லது பிடிக்கும் விதம் தவறாக இருக்கலாம்.

இந்தக் கடைசிக் காரணம் பலருடைய கண்ணிலும் படுவதில்லை. ஃப்ரேம் லாக் கத்திகளில் பிடியின் ஒரு பகுதியே பூட்டாக இருப்பதால், மற்ற விரல்கள் அதன் மேல் அழுந்தினால், மடக்கிய அலகைப் பிடித்து வைக்கும் சிறு குண்டு அலகோடு மேலும் இறுகுகிறது. திறப்பது கடினமாகிறது, குண்டு ஓடும் தடத்தில் கீறலும் ஆழமாகிறது. விரல்களைப் பூட்டுத் தகட்டிலிருந்து விலக்கி வைத்தால், பல கத்திகள் வியக்கத்தக்க அளவு இலகுவாகத் திறந்துவிடும்.

பூட்டின் வகைக்கேற்பத் தேய்மானமும் வேறுபடும். பிடியின் முதுகில் உள்ள தண்டு அலகைப் பிடித்து நிறுத்தும் முதுகுப் பூட்டில் பல்லும் அது பொருந்தும் பள்ளமும் தேயும்போது அலகு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். பள்ளத்தில் அடைந்த தூசும் இதே குறையைக் காட்டும் என்பதால் முதலில் அதைத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்துக் கத்தியில் அலகைப் பூட்டும் சுழல்வளையம் தேய்ந்தால், அதைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பி இறுக்கிக்கொள்ளலாம். பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்ஸிஸ் பூட்டில் குறுக்குத் தண்டை அழுத்தி வைக்கும் மெல்லிய வில்களே உடையக்கூடியவை. ஒரு பக்கத்து வில் உடைந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

பிடியின் உட்புறத் தகடு பூட்டாகும் லைனர் லாக், பிடியே பூட்டாகும் ஃப்ரேம் லாக் இரண்டையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். முன்னதன் இன்றைய வடிவம் கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கருடையது. பின்னதைக் கத்தித் தயாரிப்பாளர் கிறிஸ் ரீவ் தமது செபன்சா கத்தியில் கொண்டுவந்தார். இரண்டிலும் பூட்டுத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து அலகின் சாய்வான அடிமுகத்தில் தங்குகிறது. முகம் தேயத் தேயத் தகடு எதிர்ப்பக்கத்தை நோக்கி மெல்ல நகரும். டைட்டானியம் எஃகைவிட மென்மையானது என்பதால், பல தயாரிப்பாளர்கள் ஃப்ரேம் லாக்கின் முனையில் எஃகுத் துண்டு பதிக்கிறார்கள்.

சோதிக்கும்போது கத்தியை மெதுவாகத் திறந்து, தகடு அடிமுகத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வெளிச்சத்தில் பார்த்து, ஒரு படம் எடுத்து வையுங்கள். புதிய கத்தியில் தகடு சிறிது நகர்ந்து பின் ஓரிடத்தில் நிலைப்பது இயல்பு. மாதக்கணக்கில் நகர்ந்துகொண்டே போனால் அது தேய்மானம். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகு தளர்ந்ததன் அடையாளம், பூட்டின் குறையன்று. அலகின் பாதையில் விரல் எதுவும் இல்லாதபடி பிடித்து, அதன் முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தியை உடனே ஒதுக்கிவிடுங்கள். முதுகை மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்க வேண்டாம்; அது நல்ல பூட்டையும் கெடுத்துவிடும்.

எண்ணெய் அச்சுக்கு ஒரு துளி போதும். தகடும் அலகும் தொடும் முகத்தை எண்ணெயின்றி உலர்வாக வைத்திருங்கள். அங்கே தகடு ஒட்டிக்கொண்டு விடுபட மறுத்தால், முகத்தைத் துடைத்துவிட்டுப் பென்சில் கரியை லேசாகத் தேய்க்கலாம். அரத்தால் ராவ மட்டும் வேண்டாம்; அந்தச் சாய்வு சிறிதளவு மாறினாலும் பூட்டு நழுவக்கூடும். தகடு எதிர்ப்பக்கத் தகட்டையே தொட்டுவிட்டால், சற்றுப் பருத்த தடுப்பு ஊசியைப் பொருத்திச் சரிசெய்ய முடியும். ஆனால் அது துல்லியமான வேலை என்பதால், கத்தியைத் தயாரிப்பாளரிடமே அனுப்புவது நல்லது. கத்தியை நாமே பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் சொல்வதால், திருகில் கைவைக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.